ஜீப் கூரை துருப்பிடித்தால்: ஒட்டா, மாற்றா?

மலையகத்தில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு சேசிஸ் பற்றிப் பேசச் சொன்னால் பொழுது விடிந்துவிடும். கூரையைப் பற்றி நினைப்பது தலையில் முதல் சொட்டு விழும்போதுதான். எங்கள் வீட்டு ஜீப்பில் அந்தச் சொட்டு, வட்டவளை தாண்டி ஹட்டனுக்கு வரும் வழியில், ஜூன் மாத மழையில், முன் சீட்டில் இருந்த அம்மாவின் பிடரியில் விழுந்தது. முந்தைய வருஷம்தான் ஒரு கராஜில் விட்டுக் கூரைக்குப் பெயின்ட் அடித்திருந்தோம். பளபளவென்று இருந்தது.

அப்புறம் வேறொரு டிங்கர் பாஸிடம், அதாவது வண்டித் தகரவேலை செய்பவரிடம், காட்டினேன். வயதானவர். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றிக் கூரை மேல் இழுத்தார். நடுவில் கப்பென்று பிடித்தது. ஓரத்துக்கு, மழைத்தண்ணீர் வழியும் பீலிப் பக்கம் வந்ததும் வழுக்கிக்கொண்டு போனது. “இந்த இடத்தில தகரம் இல்ல தம்பி, வெறும் பட்டிதான்” என்றார். பட்டி என்றால் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. ஸ்குரூட்ரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினார். பெயின்ட், பட்டி, துரு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

ஒட்டா, மாற்றா என்பதை முடிவு செய்வது அந்தப் பீலிதான். கூரையின் நடுப்பகுதி எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் பயமில்லை. பீலியும், கூரைத் தகரம் தூணோடு சேரும் மூட்டும் உறுதியாக இருந்தால் ஒட்டுப் போடலாம். அவை சுற்றிவர இற்றுப்போயிருந்தால் எந்த ஒட்டும் நிற்காது. இரண்டு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று மடியும் இடத்தில் ஈரம் தங்கும், துரு உள்ளேயிருந்து வெளியே வரும். நாம் பெயின்ட் கொப்புளத்தைப் பார்க்கும்போது உள்வேலை எப்போதோ முடிந்திருக்கும். போதாக்குறைக்கு நம்மூர்ப் பனி. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் ஆறு பேர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூச்சு விட்டால், கூரையின் உட்பக்கம் வியர்த்துக் கொட்டும். மழையே இல்லாத நாளிலும் கூரை நனைகிறது, அதுவும் பெயின்ட் மெலிசாக இருக்கும் பக்கம்.

ஒட்டு என்றால் பட்டி பூசுவது இல்லை. இற்ற தகரத்தை நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். அதே தடிப்பில், கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் தகரத்தை, அந்த வளைவுக்குத் தட்டி எடுத்துப் பற்றவைக்க வேண்டும். இங்கே கேஸ் சுடரில் பற்றவைக்கும் கேஸ் வெல்டிங்கா, மின்சாரத்தில் கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங்கா என்பது பெரிய விஷயம். கேஸில் சூடு பரவும். தட்டையான கூரைத் தகரம் நெளிந்து, கையால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வரும். மிக் வெல்டிங்கில் ஒரு பொட்டு இங்கே, ஒரு பொட்டு அங்கே என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தால் நெளியாது. நேரம் பிடிக்கும். பாஸ் அவசரப்பட்டால் நீங்கள் அவசரப்படுத்தியதாகத்தான் அர்த்தம். வேலை தொடங்கும் முன் உட்கூரை அட்டையையும் பஞ்சையும் முழுவதுமாகக் கழற்றி, பேட்டரி வயரையும் பிரித்துவிடுங்கள். பஞ்சில் நெருப்புப் பிடிக்க ஒரு பொறி போதும்.

வெல்டிங் முடிந்ததும் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமர், அதற்கு மேல் மூட்டு முழுக்க இடுக்கை அடைக்கும் பாலியூரிதேன் சீலர். கடையில் மலிவாகக் கிடைக்கும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கன் வேண்டவே வேண்டாம். அந்த வாடையே அசிட்டிக் அமிலம்தான். அது இரும்பை அரிக்கும், அதன் மேல் பெயின்ட்டும் ஒட்டாது. உட்பக்கத்துக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கும் பஞ்சைத் திரும்ப வைக்காமல், தண்ணீர் ஏறாத ஃபோம் ஷீட்டை இடைவெளி இல்லாமல் ஒட்டினால் வியர்ப்பது நன்றாகக் குறையும்.

பழைய கூரைத் தகரத்தின் மேல் வீட்டுக்கூரைத் தகரத்தை ரிவிட் அடித்து மூடிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் தண்ணீருக்கு வாடகையில்லாத வீடு கிடைத்த மாதிரி.

சரி, முழுக் கூரையையே மாற்றினால்? பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடினால் வெட்டி எடுத்த கூரை கிடைக்கலாம். ஆனால் அதுவும் நம் ஜீப்பின் வயதுதான். காந்தத்தையும் ஸ்குரூட்ரைவரையும் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் ஜீப்பில் கூரை போல்ட்டில் நிற்கிறதா, தூணோடு வெல்ட் ஆகியிருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். போல்ட் என்றால் நான்கு பேர் தூக்கி வைக்கலாம். வெல்ட் என்றால் தூண்களை வெட்ட வேண்டும். அளவு கொஞ்சம் பிசகினாலும் கதவு சாத்தாது, முன் கண்ணாடி விரிசல் விடும். நான் பார்த்தவரை, பீலி பாதிக்குமேல் நன்றாக இருக்கும் வெல்ட் கூரைக்கு ஒட்டுதான் சரி. எங்கள் ஜீப்பில் ஓட்டுநர் பக்கம் முழுவதும், பின்புறம் ஒரு முழம், அவ்வளவுதான் போயிருந்தது. வெட்டித் தைத்தோம்.

ஃபைபர் கூரையை மட்டமாக நினைக்க வேண்டாம். டொயோட்டா எஃப்ஜே40 லேண்ட் குரூசரின் ஹார்ட்டொப்புக்கு கம்பெனியே ஃபைபர் கூரைதான் வைத்தது. ஆனால் அதைச் சுற்றி ஓடும் பீலி இரும்பு. அது துருப்பிடித்து ஊதினால் ஃபைபரை விரிசல் விடவைக்கும். ஆகவே ஃபைபர் போட்டாலும் பீலித் தொல்லை தீராது. கெரியர் பூட்டி மரக்கறி மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு ஃபைபர் பொருந்தாது. கென்வஸ் ஹூட், அதாவது துணிக் கூரை, உலர்ந்த ஊருக்குச் சரி. மஸ்கெலியா மழைக்கு ஆகாது. இரும்புக் கூரையை எடுத்துவிட்டு வேறு வகைக்குப் போவதானால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. 1948இல் அந்த வண்டி வந்தபோது போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்தக் கூரை சிவப்பாகத் துருப்பிடிக்காது. ஆனால் இரும்பு போல்ட்டும் இரும்புச் சட்டமும் அலுமினியத்தைத் தொடும் இடத்தில், ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். அங்கே இரும்புத் தகரத்தை ஒட்டுப் போட்டால் நோயை நாமே வைத்துத் தைத்த மாதிரி. அலுமினியத் தகரம், அலுமினிய ரிவிட், உலோகங்கள் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் பிரைமரும் நைலோன் வாஷரும். கூரை போல்ட்டில் நிற்பதால் கழற்றிக் கீழே வைத்து நிதானமாகச் செய்யலாம். அதனால், மோசமான லேண்ட் ரோவர் கூரைக்கு நல்ல கூரை ஒன்று கிடைத்தால் தயங்காமல் மாற்றச் சொல்வேன். இரட்டைத் தட்டு வைத்த ட்ரொபிகல் கூரை கிடைத்தால் இன்னும் நல்லது. நடுவில் ஓடும் காற்று வெயிலைத் தடுக்கும், வியர்ப்பையும் குறைக்கும்.

எதைச் செய்தாலும் பெயின்ட் காயும் நாட்கள் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே தொடங்கிச் செப்டெம்பர்வரை தென்மேற்கு மழை, அதனால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கராஜில் விடுங்கள். பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் வடகீழ் மழை ஜனவரிவரை இழுக்கும். அங்கே ஜூன், ஜூலை நல்ல காலம். எங்கள் கூரை இரண்டு மழைக்காலம் கண்டுவிட்டது. மாதம் ஒருமுறை ஈர்க்குக் குச்சியால் பீலியில் அடைந்த சவுக்கு ஊசிகளைக் கிண்டி எடுக்கிறேன். அம்மா இன்னும் பின் சீட்டில்தான் உட்காருகிறார்.