மூன்று பந்து ஸ்பைரோமீட்டரோடு ஒரு வருடம், அதற்குப் பிறகு மூன்று வருடம்

எனக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு விடவே சிரமப்படும் நாள்பட்ட நுரையீரல் நோய், என்று சொல்லி நான்கு வருடம் ஆகிறது. பீடி, சிகரெட் தொட்டதே இல்லை, முப்பது வருட விறகடுப்புப் புகைதான் காரணம் என்றார் டாக்டர். அன்று சாயந்திரமே மகன் மருந்துக் கடையில் மூன்று பந்து போட்ட ஸ்பைரோமீட்டர் என்ற மூச்சுப் பயிற்சிக் கருவியை வாங்கி வந்துவிட்டான்.

ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். 600, 900, 1200 என்று போட்டிருக்கும், நொடிக்கு அத்தனை மில்லி காற்றை உள்ளே இழுத்தால் அந்தந்தப் பந்து ஏறும். எனக்கு இரண்டு ஏறும், மூன்றாவது அசையாது, அதை ஏற்றியே தீர வேண்டும் என்று இழுத்து இழுத்துத் தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிடுவேன். அப்புறம்தான் பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்னாள்: "அம்மா, இது முக்கியமா ஆபரேஷன் ஆனவங்களுக்கு. உங்களுக்கு உள்ளே போன காத்து வெளியே வர்றதுதான் கஷ்டம்." முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

அதற்கு அவளே ஒரு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள்: இரண்டு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, நான்கு எண்ணும்வரை உதட்டைக் குவித்து விட வேண்டும். ஊதாங்குழல் பிடித்துப் பழகிய வாய், ஓங்கி ஊதிவிட்டேன். "அடுப்பு ஊத வேண்டாம்மா, விளக்கு அணையாம சுடர் மட்டும் சாயணும்" என்றாள். அதோடு பிடிபட்டுவிட்டது. உதடு குவிந்திருந்தால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நிற்கும், சின்ன மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாது. மாடிப்படியில் இப்போது நின்று இழுத்து, விட்டுக்கொண்டே ஏறுகிறேன்.

சளிக்கு ஃப்ளட்டர் கருவி. உள்ளே ஒரு எஃகுக் குண்டு, ஊதினால் அது துள்ளும், நெஞ்சுக்குள் கிடுகிடுவென்று அதிரும். பத்துத் தடவை ஊதிவிட்டு வாயைத் திறந்து "ஹா" என்று காற்றைத் தள்ளினால், இருமி இருமி வராத சளி வந்துவிடும். எனக்குக் காசுக்குப் பிரயோஜனமானது இதுதான். தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்ஸிமீட்டர் வேண்டும்தான், ஆனால் விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தப்பாகக் காட்டும், அதைப் பார்த்து நான் அழுத நாளும் உண்டு. சளி நிறம் மாறினாலோ காய்ச்சல் வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.

இத்தனை கருவியையும்விட என்னைத் தூக்கி நிறுத்தியது நடைதான். ஆறு நிமிட நடைச் சோதனையில் முதலில் 210 மீட்டர், போன மாதம் 285. பிள்ளையார் கோயிலுக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் நிற்பேன், இப்போது பால் பூத் திண்ணையில் மட்டும்தான்.