மெட்ரோவா, டிராமா, பஸ்ஸா: வளரும் நகரத்துக்கு எது கட்டுப்படியாகும்?

ஐந்தாறு லட்சம் பேர் வசிக்கும் நகரம், வருடா வருடம் விளிம்பில் புதுக் குடியிருப்புகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன, சாலையில் இடமில்லை. இப்படி ஒரு நகரத்தில் பொதுப் போக்குவரத்தைச் சரிசெய்வது பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு உடனே ரயிலுக்குப் போய்விடும். இருக்கிற பஸ் ஏன் 40 நிமிடத்துக்கு ஒன்றாக வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. குடியிருப்போர் குழு ஒன்றின் சார்பில் நகர நிர்வாகத்துக்குப் பரிந்துரை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மெட்ரோ, டிராம், பிஆர்டி எனப்படும் தனிச்சாலை பஸ், அப்புறம் சாதாரண பஸ்ஸையே அடிக்கடி விடுவது என்று நான்கையும் எடுத்துவைத்துப் பேசினோம். கடைசியில் நான்காவதைத்தான் எழுதிக் கொடுத்தோம், கூடவே பஸ் மாட்டிக்கொள்ளும் நெரிசலான இடங்களில் மட்டும் தனித்தடம் வேண்டும் என்றும் கேட்டோம். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன், அதனால் கீழே வருவதில் என் சாய்வு தெரியும்.

மெட்ரோவை முதலில் முடித்துவிடலாம். ஒரு திசையில் மணிக்கு 30,000, 40,000 பேரைச் சுமக்கக்கூடியது அது. அவ்வளவு பேர் ஒரே பாதையில் போகும் பெருநகரத்துக்கு அதை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது. ஆனால் நாம் பேசும் அளவுள்ள நகரத்தில் மிகப் பரபரப்பான சாலையில்கூட உச்ச நேரத்தில் சில ஆயிரம் பேர்தான் ஒரு திசையில் பொதுப் போக்குவரத்தில் போவார்கள். நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்று போட்டாலே மணிக்கு 3,600 பேர் ஆகிவிடுகிறது. இதற்குச் சுரங்கம் தோண்ட வேண்டுமா? தோண்டி முடிப்பதற்குள் ஊர் வேறொரு பக்கம் வளர்ந்திருக்கும் என்பது தனிக் கவலை. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மக்கள் 1973இல் வாக்கெடுப்பில் சுரங்க ரயில் திட்டத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் அந்த நகரம் இருந்த டிராமையும் பஸ்ஸையும் எடுத்துக்கொண்டு, சிக்னலில் அவற்றுக்கு முதல் உரிமை கொடுத்து, கார்கள் வழிமறிக்காத தடங்களை ஒதுக்கி வேலையைத் தொடங்கியது. இன்று பொதுப் போக்குவரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நகரங்களில் அதுவும் ஒன்று.

உண்மையான போட்டி டிராமோடுதான். அதை லேசாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் 1994இல் டிராமைத் திரும்பக் கொண்டுவந்தபோது நகர மையத்தில் கார் ஓடும் இடத்தையும் சேர்த்துக் குறைத்தது, நடப்பவர்களுக்கு இடம் கிடைத்தது. நார்வேயின் பெர்கன் மூன்று லட்சம் பேர்கூட இல்லாத நகரம், அங்கே 2010இல் தொடங்கிய லைட் ரயில் என்ற டிராம் வகைச் சேவை பிறகு நீட்டித்துக்கொண்டே போகும் அளவுக்கு வெற்றி பெற்றது. டிராம் பெட்டி 30 வருடம் ஓடும், பஸ் 12 முதல் 15 வருடத்தில் ஓய்ந்துவிடும். குலுக்கல் குறைவு, ஏறி இறங்கச் சுலபம், தண்டவாளம் போட்டுவிட்டால் அந்தச் சேவை எங்கேயும் போய்விடாது என்ற நம்பிக்கையில் பக்கத்தில் வீடும் கடையும் வரும். டிராம் ஓடும் ஊர்களுக்கு நான் போய்வந்திருக்கிறேனே தவிர அங்கே குடியிருந்ததில்லை. தினம் அதை நம்பி வேலைக்குப் போகிறவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஆனால் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டிராம் வந்த கதையையும் பார்க்க வேண்டும். சாலைக்கு அடியில் கிடக்கும் குழாய்களையும் கேபிள்களையும் இடம் மாற்றுவதில் தொடங்கி ஒப்பந்ததாரரோடு தகராறு வரை போய், மூன்று வருடம் தாமதமாக 2014இல் ஒரே ஒரு பாதை திறந்தது, அதுவும் முதலில் போட்ட திட்டத்தைவிடக் குட்டையாக, 77.6 கோடி பவுண்டு செலவில். எல்லா ஊரிலும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய கட்டுமானத்தை நடத்திப் பழக்கமில்லாத ஒரு நிர்வாகம் முதல் தடவையே தெருவைப் பிளந்து வேலை செய்யும்போது இப்படி ஆகும் வாய்ப்பு அதிகம். வளரும் நகரங்கள் பலவும் அந்த நிலையில்தான் இருக்கின்றன.

பிஆர்டி என்றால் முதலில் குரிச்சிபாதான். பிரேசிலில் 1970இல் ஆறு லட்சத்துச் சொச்சம் பேர் இருந்த நகரம், 1974இல் பஸ்ஸுக்கென்று நடுச்சாலையில் தடம் ஒதுக்கியது. அதைவிட முக்கியம், அந்தத் தடத்தை ஒட்டித்தான் உயரமான கட்டடங்கள் வரலாம் என்று நில விதிகளையும் சேர்த்தே எழுதினார்கள். தண்டவாளம் இருந்தால்தான் ஊர் அதைச் சுற்றி வளரும் என்பவர்களுக்கு என் பதில் இதுதான். கொலம்பியாவின் பொகோட்டாவில் டிரான்ஸ்மிலேனியோ என்ற பிஆர்டி 2000இல் தொடங்கியது, நிலையங்களில் ஒரு பஸ்ஸை இன்னொரு பஸ் தாண்டிப் போக இடம் விட்டதால் மெட்ரோவுக்குப் பக்கத்தில் வரும் அளவுக்குக் கூட்டத்தைச் சுமக்கிறது. அகமதாபாத் 2009இல் இதே வழியில் இறங்கியது. இதற்கு நேரெதிராக டெல்லி 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு மட்டும் போட்டது, கார்காரர்களின் எதிர்ப்பு ஓயவே இல்லை, 2016இல் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். பஸ் பயணிக்கு அந்த 5.8 கிலோமீட்டரில் மிச்சமான நேரம் மற்ற நெரிசலில் கரைந்துபோகும், ஆனால் காரில் போகிறவருக்கு அந்த இடத்தில் இழப்பு கண்ணுக்கு நேராகத் தெரியும். அதனால் அதைக் காப்பாற்ற வேண்டியவர்களின் குரல் எழவில்லை என்று நினைக்கிறேன். தனிச்சாலை வேண்டாம் என்பதற்கு டெல்லியைக் காட்டுகிறார்கள். துண்டாகப் போடாதே என்பதற்குத்தான் அதைக் காட்ட வேண்டும்.

பிறகு ஏன் பிஆர்டியை முதலில் வைக்கவில்லை? சாலை அகலம். நடுவில் நிலையமும் இரு பக்கமும் தடமும் வைக்கப் பல நகரங்களின் பழைய பகுதிகளில் இடமே கிடையாது. பஸ் அதிகம் நிற்பதும் அங்கேதான்.

இனி எங்களை முடிவுக்குக் கொண்டுவந்த விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கட்டுவதற்கான பணம் ஒருமுறை வரும் பணம். மேல் அரசு தரும், வளர்ச்சி வங்கி கடன் தரும், அடிக்கல் நாட்டு விழா நடக்கும். ஓட்டுவதற்கான பணத்தை நகரம் வருடா வருடம் தன் கையிலிருந்து எடுக்க வேண்டும், அதற்கு விழா கிடையாது. யாரோ வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள், மாதச் செலவு மட்டும் உன்னுடையது என்ற நிலைமை. ஆகவே எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நாங்கள் கேட்க ஆரம்பித்த கேள்வி, இதை ஓட்டுவதற்கு ஒவ்வொரு வருடமும் எவ்வளவு ஆகும், அந்தப் பணத்துக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி கிடைக்கும் என்பதுதான்.

ஒரு ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போக 50 நிமிடம், வர 50 நிமிடம், இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் ஓய்வு. ஒரு சுற்றுக்கு 120 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 12 பஸ் வேண்டும். அரை மணிக்கு ஒன்று போதும் என்றால் நான்கு போதும். பஸ் மட்டுமல்ல, ஆளும் வேண்டும்: தினம் 16 மணி நேரம், வாரம் முழுக்க ஒரு பஸ்ஸை ஓட்ட, வார விடுப்பையும் மற்ற விடுப்பையும் கணக்கில் எடுத்தால், இரண்டரை முதல் மூன்று டிரைவர் வேண்டும். கண்டக்டர் இருக்கும் ஊரில் அதே அளவு கண்டக்டர்கள். பழுதுக்கு நிற்கும் ஸ்பேர் பஸ் தனி. செலவில் பெரும்பங்கு இந்தச் சம்பளத்துக்கும் எரிபொருளுக்கும் போகிறது. பணம் குறையும்போது டிப்போவில் முதலில் கை வைப்பது ட்ரிப்பில்தான்.

இப்போது அந்த ரூட்டில் நெரிசல் கூடிக்கொண்டே போய் ஒரு வழிக்கு 65 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்று 150 நிமிடம். அதே 12 பஸ், அதே ஆட்கள், ஆனால் இப்போது பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒரு பஸ்தான். ஒரு பஸ்ஸைக்கூட நிறுத்தாமலே சேவை சுருங்கிவிட்டது. வளரும் நகரங்களில் வருடா வருடம் நடப்பது இதுதான், யாரும் உத்தரவு போடாததால் யாரும் பதில் சொல்வதும் இல்லை. இதையே திருப்பிப் போடுங்கள். மாட்டிக்கொள்ளும் இரண்டு மூன்று சந்திப்புகளில் பஸ்ஸுக்குத் தடம், பஸ் வருவது தெரிந்து சில நொடி நீளும் பச்சை, ஏறும்முன்பே எடுத்துவிட்ட டிக்கெட் அல்லது அட்டை, எல்லாக் கதவிலும் ஏறலாம் என்ற விதி, 250 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும் ஸ்டாப்புகளை 400 மீட்டருக்கு ஒன்றாக்குவது. ஒரே கதவில் 30 பேர் ஏற ஆளுக்கு நான்கு நொடி என்றாலும் இரண்டு நிமிடம் போய்விடும், அதனால் கதவு விஷயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். இதெல்லாம் சேர்ந்து ஒரு வழியை 35 நிமிடமாக்கினால் சுற்று 90 நிமிடம். அதே 12 பஸ்ஸில் ஏழரை நிமிடத்துக்கு ஒன்று, அல்லது ஒன்பது பஸ்ஸிலேயே பத்து நிமிடத்துக்கு ஒன்று. மிச்சமான மூன்று பஸ்ஸும் அதன் ஆட்களும் இன்னொரு ரூட்டுக்குப் போகலாம். ஒருமுறை பெயிண்டுக்கும் சிக்னலுக்கும் செலவழித்தது வருடா வருடம் திரும்பி வருகிறது, அந்தத் தடத்தை யாரும் பார்க்கிங்காக மாற்றாமல் காவல் காக்கும் வரை.

பயணிக்கு இது என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். நேரம் பார்க்காமல் ஸ்டாப்புக்கு வருகிறவர் சராசரியாக இடைவெளியில் பாதி நேரம் காத்திருப்பார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், இரண்டும் அரை மணிக்கு ஒன்று என்றால் 15ம் 15ம் சேர்ந்து அரை மணி நேரம் காத்திருப்பிலேயே போகிறது. இரண்டும் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் மொத்தமே பத்து நிமிடம்தான். மாறிப் போவது தொல்லையில்லை என்று ஆகும்போதுதான் நான்கைந்து ரூட் சேர்ந்து ஊர் முழுவதையும் இணைக்கும். ஒற்றை மெட்ரோ பாதையால் அதன் இரு பக்கம் இருப்பவர்களுக்குத்தான் நன்மை.

டிராமையும் இதே தராசில் வைக்க வேண்டும், நியாயமாகவே. பெரிய டிராம் 250 பேரைச் சுமக்கும், ஒரே டிரைவர். மணிக்கு 1,200 பேர் போகும் பாதைக்கு ஐந்து டிராம் போதும், பஸ் என்றால் 20 வேண்டும். சம்பளக் கணக்கில் டிராம் ஜெயித்துவிட்டது. ஆனால் பயணிக்கு அங்கே 12 நிமிடத்துக்கு ஒரு வண்டி, இங்கே மூன்று நிமிடத்துக்கு ஒன்று. இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் கால்வாசி ஆகும்போது பஸ்ஸை 12 நிமிடத்துக்கு ஒன்றாக விடலாம். டிராமையும் கூட்டத்துக்கு ஏற்பக் குறைத்தால் முக்கால் மணிக்கு ஒன்றாகிவிடும், குறைக்காவிட்டால் அந்தச் சம்பள லாபம் போய்விடும், தண்டவாளத்தையும் மின்கம்பியையும் பராமரிக்கும் செலவோ ராத்திரி என்பதால் குறைவதில்லை. ஆகக் கூட்டம் நாள் முழுக்க நிறைந்திருக்கும் பாதையில்தான் டிராமின் கணக்கு நேராகும்.

பணம் கூட்டாமல் இடைவெளியைக் குறைக்க இன்னொரு வழியும் இருக்கிறது, ஆனால் அது அரசியல் ரீதியாக வலிக்கும். அமெரிக்காவின் ஹூஸ்டன் 2015 ஆகஸ்டில் தன் உள்ளூர் பஸ் ரூட்கள் அனைத்தையும் ஒரே இரவில் மாற்றியது. சந்து சந்தாக வளைந்து போன ரூட்களை நேராக்கி, சேவையில் 80 சதவீதத்தை அதிகம் பேர் ஏறும் இடங்களுக்கு, 20 சதவீதத்தை ஆள் குறைந்த இடங்களுக்கு என்று வெளிப்படையாக முடிவெடுத்தார்கள். வீட்டு வாசலில் நின்ற பஸ்ஸை இழந்தவர்கள் இருந்தார்கள், அவர்களில் முதியவர்களும் உண்டு. எங்கள் குழுவில் அதிகம் வாக்குவாதம் நடந்தது இதில்தான். 80:20 எங்களுக்கு அதிகம் என்று பட்டது, எல்லோருக்கும் பொருந்தும் விகிதம் ஒன்று இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் விகிதத்தை வெளியே சொல்லி முடிவெடுக்க வேண்டும், எம்எல்ஏ கேட்டதற்காக ஒரு வளைவு, கவுன்சிலர் கேட்டதற்காக இன்னொன்று என்று ரூட்டை நீட்டக் கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

பஸ்ஸின் குறையும் இருக்கிறது. அடிக்கடி விடும்போது இரண்டு மூன்று பஸ் ஒட்டிக்கொண்டு வரும், அப்புறம் அரை மணி நேரம் ஒன்றுமே வராது. முன்னால் போகும் பஸ் தாமதமாக ஆக ஸ்டாப்பில் ஆள் சேரும், ஆள் சேரச் சேர இன்னும் தாமதமாகும், பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற ஆளே இருக்காது, அது பிடித்துவிடும். இதைச் சரிசெய்ய நேரப்பட்டியலைவிட இடைவெளியைப் பார்த்து நடு வழியில் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும் ஆள் வேண்டும், அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். பேட்டரி பஸ்ஸில் ஓட்டும் செலவு குறைவு என்கிறார்கள், அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பேட்டரியை மாற்றும் வயது வரை பல ஊர்களில் இன்னும் ஓடி முடியவில்லை, எனவே அந்த லாபத்தை எங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

கட்டணத்தை நீக்கிவிடலாமே என்ற யோசனையும் வந்தது. எஸ்டோனியாவின் தாலின் 2013இல் பதிவு பெற்ற நகரவாசிகளுக்கு இலவசமாக்கியது. ஏழைக்கு அது உதவும், அதில் சந்தேகமில்லை. ஆனால் காரில் போகிறவர்கள் எதிர்பார்த்த அளவு இறங்கி வரவில்லை. பஸ்ஸே வராத இடத்தில் அது இலவசமாக இருந்து என்ன பயன், முதலில் பஸ் வரட்டும் என்று அதைப் பின்னால் தள்ளினோம்.

எப்போது என் மனம் மாறும் என்றும் சொல்லிவிடுகிறேன். தடம், சிக்னல், கதவு எல்லாம் செய்து முடித்த ஒரு பாதையில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டும் ஸ்டாப்பில் ஆட்கள் ஏற முடியாமல் நின்றால், அதுவும் காலை மாலை மட்டுமில்லாமல் மதியமும் கூட்டம் குறையாமல் இருந்தால், அந்தப் பாதைக்கு டிராம் வர வேண்டும், அதற்கு நானே கையெழுத்து வாங்கப் போவேன். அதற்காக அகலமான இரண்டு சாலைகளின் நடுப்பகுதியில் வேறு கட்டுமானம் எதையும் அனுமதிக்க வேண்டாம் என்று பரிந்துரையிலேயே எழுதியிருக்கிறோம். மீதி ரூட்களுக்கு நாங்கள் கேட்டது ஒன்றுதான்: காலை ஆறு முதல் இரவு பத்து வரை எங்கே எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதை நிர்வாகம் ஒவ்வொரு மாதமும் வெளியிட வேண்டும், ஓடாத ட்ரிப்பையும் சேர்த்து.