சேலத்துத் தண்ணீருக்கு எந்த வாஷிங் மெஷின்: செமியா, ஃபுல்லியா?

கடையில் முதலில் கேட்பது எத்தனை கிலோ, எத்தனை ஸ்டார் என்றுதான். சேலத்தில் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, உங்கள் வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது. செமி ஆட்டோமேட்டிக்கா (துவைக்க ஒரு தொட்டி, பிழிய டிரையர் என்று இன்னொரு தொட்டி, துணியை நாமே மாற்றிப் போட வேண்டும்), ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடா (மேலே துணியைப் போட்டால் எல்லாவற்றையும் தானே முடித்துவிடும்) என்ற கேள்விக்குப் பாதிக்கு மேல் பதில் அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறது என்பது என் கட்சி.

ஃபுல்லி முழுக்கக் குழாயை நம்பி ஓடுகிற மெஷின். பல மாடல்களின் கையேட்டில் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார், அப்படியென்றால் மொட்டைமாடித் தொட்டியின் அடிமட்டம் மெஷின் குழாயிலிருந்து 3 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர்களுக்கு இதில் கவலையே இல்லை. எங்கள் வீடு அஸ்தம்பட்டிப் பக்கம், மாடிவீடு, சின்டெக்ஸ் நேராகத் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது, இடைவெளி 2 மீட்டர் தேறாது. இந்த மாதிரி வீடுகளில் டிரம் நிரம்பவே நெடுநேரம் ஆகும், அப்புறம் எல்ஜி என்றால் திரையில் 'ஐஇ' என்று காட்டிவிட்டு நின்றுவிடும், சாம்சங் என்றால் '4இ' அல்லது '4சி'. மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றே, தண்ணீர் போதிய அளவு உள்ளே வரவில்லை.

இந்தக் கோளாறுக்கு உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு, மெஷினுக்குப் பின்னால் இருக்கும் இன்லெட் பைப்பைக் கழற்றிப் பாருங்கள். வால்வின் வாயில் விரல்நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும், குறடால் மெதுவாகப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். எங்கள் வலையில் செம்மண் நிறத்தில் வண்டலும் அதன்மேல் வெள்ளையாக உப்பும் கட்டி, ஓட்டைகளில் பாதி கண்ணுக்கே தெரியவில்லை. வினிகரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து மாட்டியதும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அப்படியும் வேகம் இல்லையென்றால், தொட்டியை உயர்த்தலாம், சின்ன பிரஷர் பம்ப் வைக்கலாம், இல்லையென்றால் குறைந்த அழுத்தத்திலும் நிரம்பும் என்று சொல்லி விற்கும் மாடலாகப் பார்த்து வாங்கலாம்.

செமிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. குழாய் சொட்டினாலும் பக்கெட்டில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய வசதி, எந்தத் தண்ணீரை எப்போது ஊற்றுவது என்பது நம் கையில் இருப்பது. சேலத்தில் நிறைய வீடுகளில் இரண்டு தண்ணீர் புழங்குகிறது, மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் ஒன்று, போர் தண்ணீர் ஒன்று. ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த வெள்ளைக்கல்தான் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருந்தால் அதுதான் நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்வது. நுரை சரியாக வராது, பவுடரை அள்ளிப் போடத் தோன்றும், காய்ந்த பிறகு துண்டு விறைத்துக்கொண்டு நிற்கும், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போகும். செமி வைத்திருப்பவர்கள் போர் தண்ணீரில் துவைத்து, கடைசி அலசலை மட்டும் மேட்டூர் தண்ணீரில் முடிக்கலாம். ஃபுல்லியில் ஒரே பைப், அதில் வருவதுதான் முதலிலிருந்து கடைசி வரை.

தண்ணீர்ச் செலவிலும் செமி முந்துகிறது, ஆனால் கணக்காகப் புழங்கினால் மட்டும். ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, அப்புறம் கலர், கடைசியில் கால்மிதி என்று ஓட்டிவிடலாம். ஃபுல்லி அழுக்குத் தண்ணீரை ஒவ்வொரு முறையும் வெளியே விட்டுவிட்டுப் புதிதாக நிரப்பும், 7 கிலோ மெஷினை முழு அளவில் ஓட்டினால் ஒரு துவையலுக்கு 100 லிட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். அதே செமியில் குழாயைத் திறந்துவிட்டு அலசிக்கொண்டே இருந்தால் இந்த மிச்சமெல்லாம் சாக்கடைக்குத்தான் போகும்.

இத்தனை சொன்ன பிறகும், நகரத்துக்குள் தண்ணீர் வேகம் சரியாக இருக்கிற வீட்டுக்கு நான் ஃபுல்லியைத்தான் சொல்வேன். செமி என்றால் பாதி வேலை மெஷினுக்கு, மீதிப் பாதி வீட்டில் ஒருவருக்கு. அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாதான். ஈரத்தில் கனத்துக் கிடக்கும் ஜீன்ஸையும் போர்வையையும் குனிந்து அள்ளி அந்தப் பக்கத் தொட்டியில் போட்டு, எடுத்து, அலசி, மறுபடியும் போட்டு எடுக்க வேண்டும். இடுப்புவலி உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் தண்ணீர் மிச்சத்தைக் கணக்குப் பார்ப்பது நியாயமே இல்லை. விலை வித்தியாசத்தையும் இந்த உழைப்போடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

ஏற்காட்டுக்குப் போனால் என் பதில் மாறிவிடும். அங்கே அக்கா வீட்டில் செமிதான், அதுதான் அங்கே சரி. 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி ஈரமாகவே தொங்கும். டாப் லோடு ஃபுல்லியின் டிரம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 சுற்றுப் பக்கம் சுற்றும், செமியின் டிரையரோ சின்னத் தொட்டி, 1,300 சுற்று வரை போகும். துணியைத் தொட்டாலே வித்தியாசம் தெரியும். குளிர்ந்த தண்ணீரில் பவுடர் சரியாகக் கரையாது என்பதால், அக்கா ஒரு மக் வெந்நீரில் கரைத்துத்தான் ஊற்றுவார். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கரண்ட் போனாலும், செமியில் கரண்ட் வந்ததும் டைமரை மறுபடி திருகி, விட்ட இடத்திலிருந்து நாமே தொடரலாம். ஃபுல்லியில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி எல்லா மாடலிலும் இல்லை, கேட்டு வாங்க வேண்டும். "அவங்க இருபது கொண்டை ஊசி ஏறி வர்றதுக்குள்ள நான் கையிலயே தொவச்சு முடிச்சிருவேன்டா தம்பி" என்று கம்பெனி சர்வீஸைப் பற்றி அக்கா சொல்வது உண்மைதான். செமியில் போவது பெல்ட், கெபாசிட்டர், பிரேக் வயர் மாதிரியான சாமான்கள், உள்ளூர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். ஃபுல்லியில் எலக்ட்ரானிக் போர்டு போனால் செலவும் காத்திருப்பும் பெரிது.

மலைவீட்டில் செமி தோற்பது கம்பளியில். டிரையருக்குள் பெரிய கம்பளி அடங்காது, கையால்தான் பிழிய வேண்டும். ஃபுல்லியில் அது அடங்கும். ஆனால் ரெயின்கோட், ரப்பர் ஷீட் போன்ற தண்ணீர் புகாத எதையும் எந்த மெஷினிலும் சுற்ற விடாதீர்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ஒரே பக்கம் கனத்து, டிரம் தூக்கி அடிக்கும், மெஷினே உடையலாம்.

டிரையர் 'ம்ம்' என்று உறுமிவிட்டுச் சுற்றவில்லையென்றால் பெரும்பாலும் கெபாசிட்டர், இல்லையென்றால் பிரேக் விடுபடவில்லை. ஆனால் மெஷினின் பின்மூடியைக் கழற்றி நீங்களே கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஃபுல்லியில் தண்ணீர் வெளியேறாவிட்டால் முதலில் டிரெயின் பைப்பைப் பாருங்கள். பம்ப் இல்லாத மாடல்களில் அது தரையோடு கிடக்க வேண்டும், வாசற்படிமேல் தூக்கிப் போட்டால் தண்ணீர் ஏறாது.

டிரம்மைச் சுத்தம் செய்வதில் இரண்டுக்கும் ஒரே விதிதான், போர் தண்ணீர் வீடுகளில் மாதம் ஒருமுறை. துணி போடாமல், உப்புப் படிவை நீக்கும் டீஸ்கேலிங் பவுடரோ சிட்ரிக் ஆசிட்டோ போட்டு ஓட்டுங்கள், பஞ்சு சேரும் வலைப்பையைக் கழற்றிக் கழுவுங்கள், முடித்ததும் மூடியைத் திறந்தே வையுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போட்டுவிடக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் போட்டே ஆக வேண்டும் என்றால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் வெறும் தண்ணீரில் ஒருமுறை முழுக்க ஓட்டிவிட்டு.