களியக்காவிளை வேன்

மஸ்கட்டிலிருந்து 45 நாள் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். என் லீவு வழக்கமாக ஒரே மாதிரிதான் கழியும்: ஒரு கல்யாணம், சபையில் அறுப்பின் பண்டிகை, கிளம்பும்போது பெட்டி நிறைய ஏத்தங்காய் சிப்ஸ். இந்தத் தடவை முழுக்க ஆஸ்பத்திரி. அம்மாவுக்குக் கன்னத்தின் உட்பக்கம் புற்றுநோய்.

ஆபரேஷன் நான் வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. எல்லாம் அக்கா பார்த்துக்கொண்டாள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். அதற்கு வருமானச் சான்று வாங்க அவள் கிராம அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் மாறி மாறி நடந்திருக்கிறாள். வெளிநாட்டில் இருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சான்றின் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்தது கதிர்வீச்சு. ஆபரேஷன் செய்த இடத்தில் அதற்கு வரிசை நீளம். இடையில் நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் அம்மாவின் படத்தை வேறு யாருடைய கவரிலோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "பேரு ஒண்ணுதானே சார்" என்றார் கவுண்டரில் இருந்த பையன். அந்த சென்டரின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு நாள் போனது. கடைசியில் திருவனந்தபுரத்தில் இடம் கிடைத்தது. 1956-ல் எங்கள் குமரி மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு சேர்த்து எல்லையைப் பிரித்தாலும், பெரிய நோய் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கால் இன்னும் திருவனந்தபுரம் பக்கம்தான் நடக்கும்.

முதலில் அனுப்பியது பல் டாக்டரிடம். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு லேசில் ஆறாதாம். அதனால் ஆட்டம் கண்ட நான்கு பற்களை முன்னாடியே எடுத்தார்கள். புண் ஆறியதும் முகமூடி. ஓட்டை ஓட்டையாக வலை போல ஒரு பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் இளக்கி முகத்தில் வைத்து அழுத்துகிறார்கள், சில நிமிடத்தில் அம்மாவின் மூக்கும் நாடியும் அப்படியே பதிந்து இறுகிவிடுகிறது. சிகிச்சையின்போது அதை முகத்தில் மாட்டி மேசையோடு பூட்டிவிடுவார்கள். தலை ஒரு நூல் அசையக்கூடாது.

பார்த்த எனக்கே மூச்சு முட்டியது. அம்மாவிடம் கேட்டேன்.

"பயமா இருக்கும் மக்களே, இல்லாம இருக்குமா? உள்ள கெடந்து இருபத்திமூணாம் சங்கீதத்த மெதுவா மூணு தடவ சொல்லுவேன். மூணாவது முடியதுக்குள்ள கதவத் தொறந்திருவாவ."

ஒரு நாள் நான்கு தடவை ஆகியும் கதவு திறக்கவில்லையாம். மெஷினில் ஏதோ கோளாறு. அன்றைக்கு வெளியே வந்த அம்மாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. விசுவாசி என்றால் நடுங்கமாட்டார்கள் என்று சாட்சி சொல்கிறவர்கள் அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அதே கை எனக்குச் சாயா போட்டுத் தந்தது.

வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 30 தடவை. மார்த்தாண்டத்திலிருந்து புறப்படும் ஒரு வேனில் போய்வந்தோம். நோயாளிகள் ஐந்து பேர், துணைக்கு ஆட்கள், ஜன்னல் ஓரத்துக்கு தினமும் ஒரு சண்டை. கேரள எல்லையில் களியக்காவிளை செக்போஸ்ட் நெருங்கினால் டிரைவர் தானாகவே பாட்டை நிறுத்திவிடுவார். அம்மா ஜெபம் செய்வாள். தக்கலை பாய் முடிவில் 'ஆமீன்' என்பார். திருவட்டாறு அக்கா கண்ணைத் திறக்கவே மாட்டாள். அவளுக்கு அவள் ஊர்ப் பெருமாள் ஆதிகேசவனிடம் தனியாகச் சொல்ல இருக்கும். ஜெபமும் பெரிதாக ஒன்றுமில்லை: "ஆண்டவரே, இன்னைக்கு மெஷின் கேடாகாம இருக்கணும்." சிகிச்சை இடையில் விட்டுப் போனால் பலன் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் எங்கள் எல்லோருக்கும் அதுதான் பெரிய கவலை. மஸ்கட்டில் ரூவியில் வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போய்ப் பின்பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான். பல வருடங்களுக்குப் பிறகு மனசோடு ஆமென் சொன்னது இந்த மெஷினுக்காகத்தான்.

மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். உப்பு எரியும், புளி எரியும், வெறும் தண்ணீர்கூட எரியும். எதிலும் ருசி இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தினர் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள், நன்றாகக் குழைத்து, வடிகட்டி, ஆறவைத்து. இவர்கள்தான் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைக்கிற பிடியரிசிக்காரர்கள். வந்து உட்கார்ந்து நோயைப் பற்றிப் பேசமாட்டார்கள். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

எங்கள் சபைப் போதகர் ஐயர் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்தார். திராட்சரசம் புண்ணில் படக்கூடாது என்று அப்பத்தை வெந்நீரில் நனைத்து, நுனியில் ஒரு சொட்டு மட்டும் தொட்டு வைத்தார். அப்படிச் செய்யலாமா என்று முறைப்புத்தகத்தில் இருக்கிறதோ என்னவோ, அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இன்னொருவரும் வந்தார். சொந்தக்காரர் ஒருவர் அழைத்துவந்த ஊழியக்காரர். கையை வைத்து உரக்க ஜெபித்துவிட்டு, "இனி அங்கே போகவேண்டாம், விசுவாசத்தில் நில்லுங்கள்" என்றார். எனக்குச் சுரீரென்று ஏறியது. அம்மா வாயைத் திறக்க முடியாமல் திறந்து, "பவுலடியாரே லூக்காவ வைத்தியன்னுதானே எழுதியிருக்காரு, தம்பி" என்றாள். அவர் சாயா குடிக்காமல் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நெய்யூருக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். லண்டன் மிஷன் காலத்து ஆஸ்பத்திரி. என்னைப் பெற்றது அங்கேதான். அங்கே அறுவை சிகிச்சை செய்த சாமர்வெல் துரையின் கதை அம்மாவுக்கு அவளுடைய பாட்டி சொன்னது. 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்தவர், ஊருக்குத் திரும்பும் முன் நெய்யூரைப் பார்க்க வந்து, கூட்டத்தைக் கண்டு இங்கேயே வேலை செய்வதென்று முடிவெடுத்துவிட்டார். 1924-ல் மறுபடி மலை ஏறினார். ஏறக்குறைய 28,000 அடியில் இருந்து இறங்கும்போது தொண்டை அடைத்து, மூச்சு நின்று, இனி சாவுதான் என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக நெஞ்சைக் கையால் அழுத்தி இருமியதில் அடைப்பு வெளியே வந்து விழுந்தது. "அவருக்கும் தொண்டையிலதானே வந்துது" என்றாள் அம்மா, ஏதோ சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்குத் தோன்றியது வேறு. அதே நெய்யூரில் இருந்த ஐ. எம். ஓர் என்ற மருத்துவர் 1933-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கண்டெடுத்த உண்மை. அதற்கு அப்புறம் பிறந்த அம்மா, புகையிலையைக் கன்னத்தில் அடக்கியபடியே என்னை வளர்த்தாள். சபையில் சாராயத்துக்கு எதிராக எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். புகையிலைக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை. ஐயரிடமே சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க அம்மையும் போடுவாவ" என்றார்.

19 தடவை முடிந்தபோது என் லீவும் முடிந்தது. ஏர்போர்ட்டுக்குப் போனதும் அதே வேனில்தான். செக்போஸ்ட் வந்ததும் பாட்டு நின்றது. அம்மாவுக்குக் குரல் எழும்பவில்லை; நீ சொல்லு என்று கையைக் காட்டினாள். நான் உளறிக்கொட்டினேன். மெஷினை மட்டும் மறக்காமல் சொல்லிவிட்டேன்.

முப்பதாவது தடவை முடிந்த அன்று அக்கா வீடியோ காலில் வந்தாள். முகமூடியை வீட்டுக்கே கொடுத்துவிட்டார்களாம். எங்கே என்று கேட்டேன். போனைக் கொல்லைப்புறம் திருப்பினாள். அம்மா நட்ட கத்தரி நாற்றைக் கோழி கொத்தாமலிருக்க, அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். அம்மாவின் மூக்கு ஆகாயத்தைப் பார்த்தபடி இருந்தது, ஓட்டை வழியாக இரண்டு இலை வெளியே வந்திருந்தது.