கையெழுத்தை எழுத்துருவாக்கும் சேவை: கட்டத்துக்குள் அடங்காத உகரம்

சொந்தக் கையெழுத்தைக் கணினி எழுத்துருவாக மாற்றித் தரும் இணையச் சேவை ஒன்றை இரண்டு வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். எழுத்துக்கு ஒரு கட்டம் வீதம் அச்சிட்ட தாளைத் தருகிறார்கள். அதை மைப்பேனாவால் நிரப்பி, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்து ஏற்றினால், சில நிமிடங்களில் எழுத்துருக் கோப்பு வந்துவிடுகிறது. சேவையின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். நான் கண்ட குறை, இதே முறையில் இயங்கும் எந்தச் சேவையிலும் வரக்கூடியது.

ஆங்கில எழுத்துகளில் சேவை சொன்னதைச் செய்தது. ஒரே எழுத்தை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தால் அவற்றை மாறி மாறி இடுகிறது என்பதால், அடுத்தடுத்து வரும் இரண்டு ‘எல்’கள் ஒரே அச்சில் வார்த்தவையாகத் தெரிவதில்லை.

தமிழுக்கு வந்தபோதுதான் கதை மாறியது. நம் எழுத்துகள் 247 என்றாலும் எழுத்துரு செய்ய அத்தனையையும் வரைய வேண்டியதில்லை. ஆகாரக் கால், எகர ஏகாரக் கொம்புகள், ஐகாரக் குறி ஆகியவை மெய்யோடு ஒட்டாமல் நிற்பவை. ஒருமுறை எழுதினால் போதும். கொ, கோ போன்றவற்றை இவற்றைக் கொண்டே அமைத்துவிடலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினிக்கான எண் தரும் யூனிகோட் முறையில் மெய்க்குப் பின்னால் பதிவாகும் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் வேலையையும் கணினியே பார்த்துக்கொள்கிறது. உகர, ஊகார வரிசைகள் அப்படியல்ல. கு, சு, து, மு, ழு என ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைவதால், 18 மெய்களுக்கும் இரண்டிரண்டாக 36 வடிவங்களைத் தனியே வரைந்தே ஆக வேண்டும். இச்சேவையின் தாளோ யூனிகோட் அட்டவணையை அப்படியே பின்பற்றி, உகரக் குறிக்கு ஒரு கட்டமும் ஊகாரக் குறிக்கு ஒரு கட்டமும் மட்டுமே ஒதுக்கியிருந்தது. ‘குடும்பம்’ என்று தட்டச்சு செய்தபோது ககரமும், அதன் பக்கத்தில் எதனுடனும் ஒட்டாத ஒரு சுழியும் திரையில் நின்றன. எழுதத் தெரிந்த ஒரு குழந்தையும் அப்படி எழுதாது.

கட்டம் செய்த இன்னொரு கெடுதலை நான் எதிர்பார்க்கவில்லை. கட்டத்தைக் கண்டதும் என் கை பள்ளிக்கூட நோட்டுக்குத் திரும்பிவிட்டது. ஞகரமும் ணகரமும் ஒடுங்க, ரகரம் தேவைக்கு மேல் பருத்தது. எழுத்தின் இருபுறமும் ஒரே அளவு இடைவெளி விடப்பட்டதால் சொற்கள் பல் விழுந்த வாய்போல் இருந்தன.

எனவே கோடிட்ட தாளில் முழு வாக்கியங்களை வேகமாக எழுதி, அவற்றிலிருந்து எழுத்துகளை எடுத்து, ஜார்ஜ் வில்லியம்ஸ் உருவாக்கிய ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற கட்டணமற்ற மென்பொருளில் மீண்டும் தொடங்கினேன். கிரந்தம், எண்கள், நிறுத்தக்குறிகள் நீங்கலாக உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உகர ஊகார வடிவங்கள் 36, குறிகள் 8 என்று 75 வடிவங்கள் தேவைப்பட்டன. குறி உடலோடு கலந்துவிடும் டி, டீ இரண்டையும் சேர்த்தால் 77. ஸ்கேன் படத்தைப் பின்னணியில் வைத்து மென்பொருளையே கோடிழுக்க விட்டால், மை கசிந்த ஒவ்வொரு பிசிறும் கோட்டின் வளைவை வரையறுக்கும் ஒரு புள்ளியாகிவிடுகிறது. அவற்றைக் குறைத்து வளைவைச் சீராக்குவதில்தான் பெரும்பொழுது போயிற்று. பிறகு, ககரமும் உகரக் குறியும் சேர்ந்து வந்தால் ‘கு’ வடிவத்தை இடு என்பது போன்ற பதிலீட்டு விதிகளை, ஓபன்டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பின்படி, 36 வடிவங்களுக்கும் எழுதினேன். மெய்யெழுத்தின் புள்ளியை ஒவ்வொரு மெய்யின் தலைக்கும் ஏற்ப நிறுத்த, குறி எங்கே அமர வேண்டும் என்று காட்டும் ‘நங்கூரப் புள்ளிகள்’ உதவின. இத்தனை வேலைக்கும் மாலை நேரங்களில் ஒன்பது நாள் ஆயிற்று. கற்றுக்கொள்ள எளிதான மென்பொருள் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

வாழ்த்து அட்டைக்கு ஆங்கிலக் கையெழுத்து மட்டும் வேண்டுவோருக்கு இணையச் சேவை தாராளமாகப் போதும். தமிழுக்காகப் போகிறவர்கள், கட்டணம் செலுத்துவதற்கு முன் தாளைத் தரவிறக்கி, அதில் ‘கு’வுக்கும் ‘கூ’வுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.