ஏலத்தோட்டத்துக்காரிக்கு அஷானி பிஸ்டல் ஒத்துவருமா?

அஷானி வாங்கலாமா, நிர்பீக் ரிவால்வர் வாங்கலாமா என்று போடியில் என்னிடம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். என்னிடம் இருப்பது அஷானி. எங்கள் ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு அந்தப்பக்கம், சாந்தன்பாறை பக்கத்தில், கேரளாவில் இருக்கிறது. வீடு இந்தப்பக்கம். வாரச் சம்பளப் பணம் இந்த மலைப்பாதையில்தான் ஏறும், காய் விற்ற பணம் இதே பாதையில் இறங்கும். லைசென்ஸ் கேட்டது அதற்காகத்தான். யானைக்கா என்று கேட்கிறவர்களும் உண்டு. 2023-இல் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவுக்குள் நடந்ததிலிருந்து இந்தக் கேள்வி நிற்கவே இல்லை. இதில் போடும் .32 தோட்டா யானைக்குக் கோபத்தைக் கிளப்பும், அவ்வளவுதான்.

அஷானி இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் தயாரிப்பு. 7.65 மி.மீ., அதாவது .32; பிடிக்குள் செருகும் மேகசினில் 8 தோட்டா. கையில் எடுத்ததும் எனக்குப் பிடித்தது இதன் தட்டையான உடம்பு. ரிவால்வரில் தோட்டா போடும் உருளை இடுப்பில் புடைத்துக்கொண்டு நிற்கும், இது அப்படி நிற்காது. மறைத்து வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இந்தத் தட்டைதான் முக்கியம், எடை அப்புறம்தான்.

மேலே முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடு விறைப்பு. சுடும்போது ஸ்லைடைப் பூட்டிப் பிடிக்கிற ஏற்பாடு இதில் கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே உதைப்பைத் தாங்குகின்றன, அதனால் ஸ்பிரிங் கனமாகத்தான் இருக்கும். பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், "ஸ்லைடை இழுக்காதீங்கம்மா, அதைப் பிடிச்சுக்கிட்டு பிடியை முன்னால தள்ளுங்க" என்றார். அதற்கப்புறம்தான் வசப்பட்டது. வாங்கும் முன் கடையில் காலித் துப்பாக்கியை வைத்து இதைச் செய்து பாருங்கள். வயதானவர்களும் மூட்டுவலிக்காரர்களும் ரிவால்வர் பக்கம் போவது நல்லது.

நிர்பீக்கைப் பெண்களுக்கென்று சொல்லித்தான் 2014-இல் கான்பூரில் வெளியிட்டார்கள். டைட்டானியம் கலவை, அரைக்கிலோ எடை, ஆறு தோட்டா. அப்போதே விலை ஒன்றேகால் லட்சத்தைக் கிட்டத்தட்டத் தொட்டது. என் நாத்தனாரிடம் ஒன்று இருக்கிறது. மேலே மடித்துத் திறந்து தோட்டா போடுவது பழைய பாணி என்றாலும் குழப்பமே வராது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பொத்தானை அழுத்தி உருளையைப் பக்கவாட்டில் திறக்கும் பிரபல் ரிவால்வர் 2023-இல் வந்தது. எடை 700 கிராம், கைப்பைக்குக் கனம்தான்.

விலை? என் அஷானி வரியெல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைத் தொட்டது. அப்போது ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது, கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். டெக்சாஸில் இருக்கும் தம்பி மகன் டாரஸ் ஜி2சி பிஸ்டல் வைத்திருக்கிறான். 9 மி.மீ., 12 தோட்டா, 300 டாலருக்கும் குறைவு. "அத்தை, உங்க ஒரு துப்பாக்கி விலைக்கு இங்க மூணு வாங்கலாம்" என்று சிரிக்கிறான். அங்கே 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ளவர்கள் இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கத் தனி அனுமதிச்சீட்டுகூட வேண்டாமாம். இங்கே 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம், பேசிப் பயனில்லை. வெளிநாட்டுத் துப்பாக்கி வேண்டுமென்றால் எப்போதோ இறக்குமதியான பழைய வால்தர் (ஜெர்மன் பிஸ்டல்) போன்றதைத்தான் தேட வேண்டும், அதன் விலைக்குக் குறுந்தோட்டமே வாங்கிவிடலாம்.

சரி, எங்கே வைத்துக்கொள்வது? துப்பாக்கி உறை செய்கிறவர்கள் எல்லோரும் பேண்ட், பெல்ட் போட்ட ஆம்பளைகளை மனதில் வைத்தே செய்கிறார்கள். புடவைக்கு அது ஒத்தே வராது. தோட்டத்துக்குப் போகும் நாளில் சுடிதாருக்கு மேல் நீளக்கோட்டு, அதற்குள் தடித்த துணிப்பட்டை, அதில் உறை. கைப்பையில் வைப்பதென்றால் துப்பாக்கிக்கு மட்டும் தனி அறை வேண்டும். சாவி, பேனா, மாத்திரை அட்டையோடு போட்டுக் கலக்கக் கூடாது. ட்ரிகரை முழுதாக மூடாத உறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நான் குழலில் தோட்டா ஏற்றி வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறுவதில்லை. அந்த வளைவுகளில் குலுங்குகிற குலுங்கலுக்கு அந்த தைரியம் எனக்கு இல்லை.

மழைதான் பெரிய எதிரி. ஜூனில் மெட்டைத் தாண்டினால் சாரல் ஆரம்பம். ஈரம் குடித்த தோல் உறையில் ஒரு ராத்திரி வைத்தால் ஸ்லைடு ஓரத்தில் துரு பூக்கும். வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்து, தோட்டாவை இறக்கி, துடைத்து, லேசாக எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறேன். தோட்டாக்களைத் தோட்ட வீட்டில் வைப்பதே இல்லை, அங்கே உப்பே ஒரு வாரத்தில் கரைந்துவிடும்.

இனி எல்லைக் கதை. என் லைசென்ஸ் முதலில் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான் செல்லுபடியானது. மலையடிவாரத்து முந்தலில் ஏறி போடிமெட்டு வரை சட்டப்படி, நாலடி தாண்டினால் குற்றம். பணம் போகும் தூரத்தில் பாதிக்குமேல் அந்தப்பக்கம்! கேரளாவையும் சேர்க்கச் சொல்லித் தனியாக மனு போட்டு, போலீஸ் அறிக்கை வந்து, எழுத்தில் கிடைக்கும் வரை துப்பாக்கி வீட்டுப் பெட்டியில்தான் கிடந்தது. அதற்குள் தொழிலாளிகளில் பலர் சம்பளத்தை போனிலேயே வாங்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் கங்காணி, "அக்கா, இப்ப துப்பாக்கிதான் காசுக்குக் காவலா, காசுதான் துப்பாக்கிக்குக் காவலா?" என்றார். பதில் சொல்லவில்லை. கம்பம், கூடலூர், செங்கோட்டை, களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்கள் முதலில் எல்லை அனுமதிக்கு மனு போடுங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வரும். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்குப்பதிவு தேனிக்கு ஏப்ரல் 19, இடுக்கிக்கு ஏப்ரல் 26, ஆனால் எண்ணிக்கை ஜூன் 4. மார்ச்சில் கொடுத்தது முடிவு வந்த பிறகுதான் கைக்கு வந்தது. நல்லவேளை, பறிப்புக் காலம் இல்லை. ஸ்டேஷனில் கொடுப்பதைவிட லைசென்ஸ் உள்ள கடையில் வைக்கவே எனக்கு விருப்பம். வாடகை கேட்பார்கள், ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார்கள். கொடுக்கும்போது துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பிக் கேட்கும்போது முதலில் அதைத்தான் நீட்டச் சொல்வார்கள்.