மசாலாப் பொடிப் படங்கள்: பினாங்கில் ஒரு சிறு வியாபாரத்தோடு சேர்ந்து எடுத்த அனுபவம்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், வீட்டிலேயே மசாலாப் பொடி தயாரித்து விற்கும் ஓர் அக்காவோடு சில வருடங்களாக வேலை செய்கிறேன். பொடி அவருடையது, கேமரா என்னுடையது. எடுத்த படங்களில் எவை இன்றும் உழைக்கின்றன, எவை ஒதுங்கிவிட்டன என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது.

பாக்கெட் இல்லாத படங்களுக்குத்தான் ஆயுள் அதிகம். இடையில் அக்கா லேபிளை மாற்றினார். பாக்கெட்டின் முன்பக்கம் தெரிந்த படங்கள் எல்லாம் அன்றோடு பழையதாகிவிட்டன. அம்மி மேல் காய்ந்த மிளகாய், கிண்ணத்தில் மீன் கறிப் பொடி, அக்காவின் கை மாவுச் சல்லடையைத் தட்டும் படம், இவை இன்னும் ஷோப்பி இணையக் கடையிலும் தீபாவளி வாழ்த்திலும் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் இப்போது எதை அடுக்கினாலும் பாக்கெட்டோடு ஒன்று, பாக்கெட்டை எடுத்துவிட்டு ஒன்று என்று எடுத்துவிடுகிறோம். வாழ்த்து எழுத ஒரு பக்கம் காலியாகவும் விடுகிறோம்.

அவர் வீடு பழைய கடைவீடு, நடுவில் முற்றம். காலை வெளிச்சம் மேலிருந்து இதமாக இறங்கும். எதிரே ஒரு வெள்ளை அட்டை வைத்தால் போதும். டியூப்லைட்டை மட்டும் கண்டிப்பாக அணைக்க வேண்டும். இரண்டு வெளிச்சமும் கலந்தால் ஒரே தட்டில் மஞ்சள்தூள் இரண்டு நிறமாகத் தெரியும். மிளகாய்த்தூள் அதைவிடச் சிரமம். கேமராவில் சிவப்பு சீக்கிரம் நிரம்பிவிடும், பொடியின் குருணை மறைந்து ஒரே பூச்சாகிவிடும். வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுத்து, சாம்பல் நிற அட்டையை வைத்து நிறத்தைச் சரிபார்க்கிறேன். ஆனாலும் கடைசித் தீர்ப்பு அக்காவுடையதுதான். ஒருமுறை திரையைப் பார்த்து, “தம்பி, நம்ம மிளகாய் இவ்வளவு செவப்பு இல்லையே, சாயம் போட்டோம்னு நெனைப்பாங்க” என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. வாங்குபவர் பாக்கெட்டைப் பிரிக்கும்போது படத்தில் பார்த்த நிறம்தான் இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பாக்கெட்டின் பளபளப்பைப் போலரைசர் (லென்ஸ் முன்னால் மாட்டும் ஒரு வடிகட்டி) நன்றாகக் குறைக்கும். பித்தளைச் செம்பிடம் அது பலிக்காது, வெளிச்சத்தின் திசையைத்தான் மாற்ற வேண்டும். பெரனாக்கான் (இங்கே பல தலைமுறையாக வாழும் சீன வம்சாவளியினர்) பாணிப் பூ ஓடுகள் மேல் வைத்து எடுத்த படங்களைப் பலர் பாராட்டினார்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் கண் ஓட்டுக்குப் போகிறது, பொடிக்கு வருவதில்லை. விற்பனைக்கு அவற்றை அக்கா அதிகம் எடுப்பதில்லை.

காசு விஷயத்தைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். பொடிக்குப் படம் என்ற முழுப் பண்டமாற்று நீண்ட நாள் ஓடாது என்பது என் கருத்து. நாங்கள் பாதி ரிங்கிட், பாதி பொடி என்று வைத்துக்கொண்டோம். அப்புறம், மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுச் செய்துகொடுக்கும் படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே போகும். என் வேலை மாதிரிகளில் காட்டும் உரிமை எனக்கு வேண்டும் என்பதால் அதை எழுத்தில் வைத்துக்கொண்டோம். மனத்தாங்கல் எதுவும் இதுவரை வந்ததில்லை.

தீபாவளிப் படங்களை ஆகஸ்டுக்குள் முடிப்பது நல்லது. செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் மழை அதிகம், முற்றத்து வெளிச்சத்தை நம்ப முடியாது. அக்காவுக்கும் அந்த நேரத்தில் மிளகாய் வறுக்கவே பொழுது போதாது.